அட்மினுக்கும் திறக்காத ஃபோல்டர்

என் அக்காவை அவள் புருஷன் முதல் தடவை அடித்ததை நான் பார்க்கவில்லை. எத்தனையாவது தடவை என்று தெரியாத ஒன்றைத்தான் பார்த்தேன். சாஆ என்ற சின்ன ஊரில் அவர்கள் வீட்டுச் சமையல்கட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஃபோன் பாஸ்வேர்டை ஏன் மாத்தினே?" என்று சாதாரணக் குரலில்தான் கேட்டார். அப்போது நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கொண்டையைப் பிடித்து, தலையைக் கேபினெட் கதவின் விளிம்பில் மோதினார். தேங்காய் உடைக்கிற சத்தம்தான் கேட்டது. அவள் கத்தவில்லை. கையிலிருந்த கரண்டியை மெதுவாக சிங்க்கில் வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சாப்பிடு லா. ஆறிடும்."

நான் சாப்பிட்டேன். முப்பத்தொரு வயதுக்காரி, கை சோற்றில் இருக்க, இரண்டு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். அதை எழுதாமல் மற்றதை எழுதுவது நியாயமில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா அப்பா போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். சாஆவில் ஒரு டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்குப் பட்டணத்தில் ஃபோன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஊரில் நல்ல பெயர். தண்ணீரில் விழுந்த ஃபோனிலிருந்து கல்யாணப் படங்களை மீட்டுக் கொடுப்பார், அழித்த ஃபைலைத் தோண்டி எடுப்பார். அந்தத் திறமையெல்லாம் வீட்டிலும் வேலை செய்தது. தினமும் கடையை மூடிவிட்டு வந்ததும் அவள் ஃபோனை வாங்கிப் பார்ப்பார். அவள் அழித்த மெசேஜும் அவர் கண்ணில் படும். லேப்டாப் பழையது, விண்டோஸ் இழுக்காது என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். அட்மின் பாஸ்வேர்டு அவரிடம். அவளுக்கு ஒரு சாதாரணக் கணக்கு மட்டும், அதன் பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும்.

ஒரு தடவை அக்கா போலீசுக்குப் போனாள். ரிப்போர்ட் எழுதிய பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அடா புக்தி, காக்?" என்றார். ஆதாரம் இருக்கிறதா அக்கா என்று, மலாயில். அக்கா ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அதில் அவள் சேர்த்து வைத்திருந்த படங்கள் ஒன்றும் இல்லை. புருஷன் காலையிலேயே துடைத்துவிட்டிருந்தார். அடியும் அந்த முறை தலைமுடிக்குள். காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், கடிதமும் கொடுத்தார்கள். கடிதத்தை வாங்கி வெளியே வந்தபோது புருஷன் காரோடு வாசலில் நின்றார். அவள் ஏறிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் சார்ஜர் வயரை இரண்டாக மடித்து முதுகில் அடித்தார். கை வலித்தபோது நிறுத்தி, தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடி அடித்தார்.

மறுநாள் டியூஷன் சென்டர் ஃபோனிலிருந்து கூப்பிட்டாள்.

"பாப்பா, எனக்கு ஒரு எடம் வேணும்."

"கெளம்பி வா. இன்னைக்கே வந்து கூட்டிக்கிறேன்."

"அது இல்ல. படம் வெக்கிறதுக்கு எடம். நான் வெக்கணும், அவரு பாக்கக்கூடாது. வீட்டுல, அந்த லேப்டாப்லயே."

"அக்கா, மொதல்ல நீ அங்கேருந்து வா."

"வெறுங்கையோட வந்தா பின்னாடியே வந்து நிப்பாரு. நல்லவரு மாதிரி பேசுவாரு, நீயே நம்பிடுவே. ஒரே தடவையில முடிக்கணும். நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே, செஞ்சு குடு."

நான் கூலாய் பக்கத்தில் ஒரு டேட்டா சென்டரில் வேலை செய்கிறேன். வரிசை வரிசையாக நிற்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அக்கா கேட்டது புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் உள்ள கேள்வி. நான் அதை வேலையில் வரும் கேள்வியாக மாற்றிக்கொண்டேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது. முதுகில் வயர்த் தழும்போடு இருக்கும் அக்காவை நினைப்பதைவிட ஃபைல் சிஸ்டத்தை நினைப்பது சுலபம்.

ஒரு மெஷினில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, யார் திறக்கலாம் என்பதையெல்லாம் கவனிக்கிற பகுதிதான் ஃபைல் சிஸ்டம். வழக்கமாக அது கெர்னலுக்குள், மெஷினின் நட்டநடுவில் இருக்கும். அங்கே கை வைக்க அட்மின் அனுமதி வேண்டும். ஆனால் அந்த வேலையை வெளியே, சாதாரணக் கணக்கில் ஓடும் ஒரு சின்ன புரோகிராமிடம் கொடுத்துவிடவும் வழி உண்டு. இந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், கெர்னல் அந்தக் கேள்வியை அப்படியே புரோகிராமிடம் தள்ளிவிடும். புரோகிராம் என்ன பதில் சொல்கிறதோ, பார்க்கிறவருக்கு அதுதான் ஃபோல்டர்.

எல்லா மெஷினும் இதற்கு இடம் கொடுக்காது. எங்கள் ஆஃபீஸில் ஓடும் ஃப்ரீபிஎஸ்டி சர்வர்களில் அட்மின் முதலில் ஒரு செட்டிங்கைத் திறந்துவிட்டால்தான் மற்றவர்கள் இப்படிச் செய்ய முடியும். என்னுடைய மேக்கில் ஒரு வழிக்குக் கெர்னலுக்குள்ளேயே ஒன்றைப் போட வேண்டும், பாதுகாப்பைக் குறைத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்னொரு வழியில் மெஷின் தனக்குத்தானே நெட்வொர்க் சர்வராக நடிக்க வேண்டும். லினக்ஸில் மட்டும் ஃபியூஸ் என்ற ஏற்பாடு பெரும்பாலும் தயாராகவே இருக்கும், சாதாரண ஆளே தன் ஃபோல்டரில் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். மாமா தன் கையாலேயே லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அதிலும் எனக்கு முன்னால் பல வழிகள் இருந்தன. ஃபைல் மேனேஜர் வழியாகவே என் வீட்டு மெஷினோடு இணைக்கலாம். ஆனால் முகவரி ஓரத்தில் பளிச்சென்று நிற்கும். எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டிய இணைப்பு வழியாக என் மெஷின் ஃபோல்டரை அங்கே காட்டலாம். ஆனால் அவர் அவள் கணக்கில் நுழைந்தால் படங்கள் வரிசையாகத் தெரியும். சாதாரண ஃபோல்டரில் போட்டு, ஒரு புரோகிராம் அள்ளி அனுப்பிவிட்டு அழிக்கலாம். ஆனால் அழித்ததை டிஸ்கிலிருந்து தோண்டுவதுதானே அவர் தொழில். அதனால் நானே ஒன்றை எழுதினேன். கோயில் உண்டியல் மாதிரி, போட மட்டும் முடியும். அக்கா ஒரு படத்தை அதில் போட்டால் அது டிஸ்கைத் தொடாமல் நேராகக் கூலாயில் என் வீட்டு மெஷினுக்கு வந்துவிடும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் எப்போதும் அதே ஐந்து பழைய கேள்வித்தாள்கள். "பழைய தாள்கள்" என்று பெயர் வைத்தேன். இரண்டு வாரம் வேலை முடிந்து வந்து எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல புரோகிராம்களில் அது ஒன்று. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

தீபாவளிக்குப் போனேன். மாமா சாயங்காலம் கூட்டாளி வீட்டு விருந்துக்குக் கிளம்பிய பிறகு, பென் டிரைவிலிருந்து அக்காவின் கணக்குக்குள் ஏற்றினேன். லாகின் செய்ததும் தானாக ஓடும்படி வைத்தேன். லேப்டாப் கேமரா எடுக்கும் படம் நேராக அதற்குள் போகும்படி செய்தேன்.

"அவரு அட்மின்ல வந்து பாத்தா?" என்று அக்கா கேட்டாள்.

"பாக்க முடியாது. இது நீ மாட்டின ஃபோல்டர். மாட்டினவங்களைத் தவிர யாருக்கும் தொறக்காது. அட்மினுக்கும் தொறக்காது. கெர்னலே தடுத்துடும்."

"மெஷின் அவரோடதுதானே, அவருக்கே தொறக்காதா?"

"அவருக்கே தொறக்காது" என்றேன். சொன்னபோது வாயில் இனிப்பாக இருந்தது.

அவள் சோதித்துப் பார்க்கத் தன் கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, காதுக்குப் பின்னால் பச்சையாகக் கிடந்த இரண்டு விரல் தடத்தைக் கேமராவுக்குக் காட்டினாள். கிளிக். ஃபோல்டரைத் திறந்தோம். ஐந்து கேள்வித்தாள். அக்கா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு படங்கள் வர ஆரம்பித்தன.

வேலையில் இருக்கும்போது ஃபோனில் சின்னதாக ஒரு அறிவிப்பு வரும். நான் கேன்டீனில் உட்கார்ந்து திறந்து பார்ப்பேன். கன்னத்து எலும்பு வீங்கி, கண் கோடாகிப்போன முகம். சுடுதண்ணி ஊற்றிய தொடை, தோல் உரிந்து வெள்ளையாக. கொத்தாக முடி பிடுங்கப்பட்ட இடம். ஷூ கால் பதிந்த விலா. ஷூ அடியின் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. முகத்தில் அவள் எதையும் காட்டமாட்டாள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற மாதிரி நேராகப் பார்ப்பாள்.

நான் ஒவ்வொன்றையும் தேதி போட்டு அடுக்கினேன். இரண்டு இடத்தில் நகல் வைத்தேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை டியூஷன் சென்டருக்குக் கூப்பிடுவேன்.

"போதும்கா. இது போதும். வா."

"இன்னும் கொஞ்சம். இதுல கால் படம் மங்கலா இருக்குன்னு நீதானே சொன்னே."

நான்தான் சொன்னேன். வெளிச்சம் போதவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி எடு என்று சொன்னேன். அடி வாங்கிய அக்காவிடம் ஃபோட்டோ எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். சேர்த்து வைக்க ஓர் இடம் அமைந்ததும், சேர்ப்பதே வேலையாகிவிட்டது எங்கள் இரண்டு பேருக்கும். இடம் இல்லாமல் இருந்திருந்தால் சார்ஜர் வயர் அடித்த மறுநாளே நான் காரை எடுத்துக்கொண்டு போய் அவளைத் தூக்கி வந்திருப்பேனோ என்னவோ. ஐந்து மாதம் இப்படி ஓடியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமா கடைக்குப் போகவில்லை. லேப்டாப் மெதுவாக இருக்கிறது, சுத்தம் செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தார். அவள் கணக்கிலேயே கட்டளை அடிக்கிற கருப்புத் திரையைத் திறந்து, அட்மினாக மாறி, எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்திருக்கிறார். பின்னால் அக்கா எனக்கு இதை ஒவ்வொரு படியாகச் சொன்னாள். எல்லா ஃபோல்டருக்கும் அளவும் தேதியும் வந்தன. "பழைய தாள்கள்" என்ற வரியில் மட்டும் அளவு இல்லை, தேதி இல்லை, கேள்விக்குறிகளாக வந்தது. பக்கத்தில், அனுமதி இல்லை.

"எனக்கே பெர்மிஷன் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். சத்தம் போடவில்லை.

"கேள்வித்தாள்தாங்க."

"அப்ப தொற."

அவள் திறந்தாள். ஐந்து கேள்வித்தாள்கள் வந்தன. அவர் அதைப் பார்த்தார், கருப்புத் திரையைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர். அட்மினைத் தடுக்கிற ஃபோல்டர் தானாக வராது என்று தெரியும்.

"யாரு போட்டது? உன் தங்கச்சி நாயா?"

அக்கா கையைக் கீபோர்டிலிருந்து எடுக்கப் போனாள். அவர் லேப்டாப் மூடியை அவள் வலது கைமேல் அறைந்து மூடினார். பிறகு அதைக் கீழே தரையில் இழுத்துப் போட்டு, அவள் கை உள்ளேயே மாட்டியிருக்க, மூடியின்மேல் ஏறி நின்றார். மணிக்கட்டும் இரண்டு விரலும் அப்போதுதான் உடைந்தன. "யாரு போட்டது" என்று கேட்டுக் கேட்டு வயிற்றில் உதைத்திருக்கிறார். அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

என் திரையில் தெரிந்தது ஒரு வரி மட்டும்: தொடர்பு அறுந்தது. அது அடிக்கடி அறும், சாஆவில் லைன் அப்படி. நான் மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். கால்மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் டியூஷன் சென்டருக்குக் கூப்பிட்டேன். இன்னிக்கு வரலயே என்றார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சீன ஆண்ட்டியைக் கூப்பிட்டேன்.

"உன் அக்கா சத்தம் கேக்குது" என்றார் மலாயில். "கேட் பூட்டியிருக்கு. நீ ஃபோனை வெச்சிடு."

அந்த ஆண்ட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தன் காரை எடுத்து, அவர்கள் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, ஹார்னில் கையை வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை. தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் மாமாவே கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றதும் முகத்தை மாற்றிக்கொண்டு, "குளியலறையில வழுக்கி விழுந்துட்டா" என்றாராம். ஆண்ட்டி அவரைத் தாண்டி உள்ளே போய், அக்காவைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்து, சிகாமட் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஓட்டும்போது அவர் ஃபோனை எடுக்கவில்லை.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்குத் தெரியாது. ஆஃபீஸிலிருந்து காரை எடுத்து, யோங் பெங்கில் ஹைவேயை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சாஆ ரோட்டில் லாரிகளைத் தாண்டித் தாண்டி வந்தேன். வீட்டு வாசலில் காரைப் பூட்டாமல் இறங்கினேன். ஸ்டியரிங்கில் மாட்டுகிற இரும்புப் பூட்டு காலடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று யோசித்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் எடுத்தேன்.

ஹாலில் அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். லேப்டாப்பின் அடித்தட்டைத் திறந்து, திருகாணிகளை வரிசையாக ஒரு தட்டில் போட்டுவைத்து, டிஸ்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீபோர்டின் சந்துகளில் ரத்தம் காய்ந்திருந்தது. அக்கா இல்லை.

"அக்கா எங்க?"

"வா" என்றான், தலையை நிமிர்த்தாமல். "நீ போட்டதை நீயே எடுத்துக் காட்டு."

முதல் அடி தோளில் விழுந்தது. அவன் கையைத் தூக்கினான், இரண்டாவது முழங்கையில். எலும்பில் இரும்பு பட்டால் கை வழியாக நமக்கும் ஏறுகிறது. அவன் சுவரோரம் நகர்ந்தான், நான் பின்னாலேயே போனேன். வாயிலும் ஒரு அடி விழுந்தது. பல் உடைந்து தரையில் தெறித்தது. அவன், "வேணாம், வேணாம்" என்றான். அந்த வார்த்தையை அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அப்போது நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. நன்றாக இருந்தது. அவ்வளவுதான். இன்னும் வேண்டும் என்று இருந்தது. ஓங்கிய பூட்டு கதவு நிலையில் இடித்து, வியர்வையில் கையைவிட்டு நழுவி, நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது எதிர்வீட்டு ஆள் உள்ளே வந்து என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் அவரையும் கடித்தேன்.

"உன் அக்கா ஆஸ்பத்திரில இருக்கும்மா" என்று அவர் மூன்று தடவை சொன்ன பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

சிகாமட்டில் அக்கா கட்டிலில் கிடந்தாள். கை கட்டு போட்டுத் தொங்கியது, உதடு கிழிந்து தையல். உள்ளே மண்ணீரலில் ரத்தக்கசிவு இருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் சட்டையைப் பார்த்தாள்.

"யாரோட ரத்தம்?"

சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கக் கையைக் கொண்டுபோனேன். அவள் உடைந்த கையை, கட்டோடு, முகத்துக்கு முன்னால் தூக்கினாள். நான்தான் என்று தெரிந்தும் தூக்கினாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஆபரேஷன் இல்லாமல் தப்பித்திருந்தாள், கஞ்சி குடிக்க விட்டிருந்தார்கள்.

"ஏன் பாப்பா அவருக்குக் கேள்விக்குறியா வந்துச்சு? கேள்வித்தாளே காட்டியிருந்தா விட்டிருப்பாரே."

"அந்த மாதிரி ஃபோல்டர் அட்மினை உள்ள விடாது. விடணும்னா அட்மினே ஒரு இடத்துல மாத்தி வெக்கணும். என்னால முடியாது."

"வேற வழி இல்லையா?"

இருந்தது. அந்த இரண்டு நாளில் அதைக் கண்டுபிடித்திருந்தேன். மெமரியில் மட்டும் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர் போதும். கரண்ட் போனால் காணாமல் போகும், டிஸ்கில் ஒரு தடமும் விழாது. படம் விழுந்ததும் அள்ளி அனுப்பிவிட்டால் அட்மின் வந்து பார்த்தாலும் வெறும் ஃபோல்டர், ஐந்து கேள்வித்தாள். பத்து நிமிட வேலை. நான் அதை யோசிக்கவே இல்லை. அவனை வாசலில் நிறுத்துகிற ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. பூட்டைப் பார்த்தால் அவன் என்ன செய்வான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "உனக்கு அவரை ஜெயிக்கணும்" என்றாள். "எனக்கு அவரு கண்ணுல படாம இருந்தாப் போதும்." அவ்வளவுதான் சொன்னாள். 

பாதுகாப்பு உத்தரவு உடனே கிடைத்தது. அவனும் என்மேல் ரிப்போர்ட் செய்திருந்தான். முழங்கை விரிசல், இரண்டு பல். விசாரணை அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதும்போது, "அடித்தாயா?" என்று கேட்டார். "அடித்தேன்" என்றேன். "ஏன் நிறுத்தினாய்?" என்றார். "கை நழுவிவிட்டது" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

வழக்கு வர மாதங்கள் ஆயின. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நான் சாட்சி சொன்னேன். எழுபதுக்கு மேல் படங்கள் அச்சாகி மேசையில் இருந்தன. அவன் வக்கீல் நல்ல மலாயில், அமைதியாகக் கேட்டார்.

"இந்த ஃபோல்டரில் ஒன்று இருக்கும், காட்டுவது வேறு ஒன்று. சரியா?"

"சரி."

"அப்படியென்றால் பொய் ஃபோல்டர்."

"பார்ப்பவருக்கு, ஆமாம்."

"பொய் காட்டுகிற புரோகிராமை எழுதியவர் நீங்கள். படங்கள் இத்தனை மாதம் இருந்ததும் உங்கள் மெஷினில். நீங்கள் என் கட்சிக்காரரின் பல்லை உடைத்தவர். இந்தப் படங்களில் நீங்கள் கை வைக்கவில்லை என்று நீதிமன்றம் எதை வைத்து நம்புவது?"

நான் பதிவுகளைக் காட்டினேன். ஒவ்வொரு படமும் வந்த நேரம், அதன் அடையாள எண், மாறவில்லை என்பதற்கான கணக்கு. கெர்னல் என்ன செய்யும், வெளியில் ஓடும் புரோகிராம் என்ன செய்யும் என்று விளக்கினேன். மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டார். பாதியில் அவர் கவனம் விலகிப்போவது முகத்தில் தெரிந்தது.

வழக்கை நிற்க வைத்தது நான் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புது முறிவுகளோடு, தானாக ஆறிப்போன பழைய முறிவுகள் மூன்று: விலாவில் இரண்டு, இடது முன்கையில் ஒன்று. யாரும் கட்டுப் போடாமல் கோணலாகவே சேர்ந்த எலும்பு. குளியலறையில் ஒரு நாள் வழுக்கியதில் இது வராது என்றார். பிறகு ஆண்ட்டி வந்து, சுவர் வழியாக என்னென்ன கேட்டது என்று சொன்னார். அவர் எந்தத் தேதியும் சொல்லவில்லை. சீனப் புத்தாண்டுக்குப் பலகாரம் பொரித்த அன்று, பேரப்பிள்ளை வந்த அன்று என்றார். அந்த நாட்களுக்கு நேராக என் படங்கள் இருந்தன. அப்போதுதான் அவற்றுக்கு மதிப்பு வந்தது.

அவனுக்குச் சிறை கிடைத்தது. மூன்று வருஷத்துக்கும் குறைவு. எனக்கு நன்னடத்தைப் பத்திரம். இரண்டு வருஷம் யார்மேலும் கை வைக்கக்கூடாது. ஆஃபீஸில் வேலை போகவில்லை, ஆனால் கேன்டீனில் என் எதிரே உட்கார வருகிறவர்கள் குறைந்தார்கள்.

அப்பீலும் முடிந்த பிறகு, அக்கா படங்களை அழிக்கச் சொன்னாள். அப்போது அவள் என்னோடு கூலாயில் இருந்தாள். சனிக்கிழமை காலை, இரண்டு பேரும் மெஷின் முன்னால் உட்கார்ந்தோம். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். இது ரிமோட், இது பெல்ட்டோட கொக்கி, இது மாமியார் வந்து போன மறுநாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. ஒரு படத்தில் ஆளே இல்லை. வெறும் நாற்காலி, பின்னால் சுவர். கை தவறி எடுத்தது என்று நினைத்து நான் அதைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

"அன்னிக்கு அவரு அடிக்கல" என்றாள் அக்கா. "வாரத்துல ஒண்ணாவது அனுப்பணும்னு பழக்கம் ஆயிடுச்சு. உக்காந்தேன். காட்ட ஒண்ணும் இல்ல. எழுந்துட்டேன்."

நகல்களையும் சேர்த்து அழித்தேன். புரோகிராமையும் அழித்தேன். அதை அழிக்கும்போது அக்கா என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் என்னோடு ஏழு மாதம் இருந்தாள். நான் காற்றாடி சுவிட்சுக்கோ அலமாரியின் மேல்தட்டுக்கோ கையைத் தூக்கினால் அவள் தோள் சுருங்கும். வேறு யார் தூக்கினாலும் அவ்வளவு இல்லை. ஒருநாள் நானே கேட்டேன். "நீ அடிச்சதை நான் பாக்கல" என்றாள். "பாத்திருந்தா பரவாயில்லயோ என்னமோ. பாக்காததால எல்லா நாளும் தெரியுது."

அவள் ரெங்கத்தில் ஒரு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே ஒரு நர்சரி பள்ளியில் வேலை. வலது கை விரல் இரண்டு முழுதாக மடங்காது, சாக்பீஸை வேறு மாதிரிப் பிடிக்கிறாள். மாதம் ஒரு தடவை போகிறேன். உள்ளே நுழைந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்காருவேன். எதையாவது எடுக்க எழுந்தால் முதலில் சொல்வேன். அக்கா, மேல இருக்கிற டம்ளரை எடுக்கிறேன். அவள் தலையாட்டுவாள். அதற்குப் பிறகு எடுப்பேன்.